புறங்கைத் தேன்

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. சிவன் சொத்து குலநாசம் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே வாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவருக்கு அந்த ஆசாமியைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதைப் பொறுத்துப் பழமொழி மாறும். வேண்டியவன் நிதியில் கை வைத்தால் புறங்கைத் தேன். வேண்டாதவன் வைத்தால் குலநாசம். பொதுப் பணத்தைப் பற்றி நமக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. இருப்பது இரண்டு பழமொழிகள்தான்.

அந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு போன மாதம் முழுவதும் விழித்தேன். காரணம் ஒரு புத்தகம். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’. புத்தகம் வெளிவந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. மதிப்புரைகள் எல்லாம் ஓய்ந்த பிறகு நான் வந்து சேருவது சம்பிரதாயத்துக்கு விரோதம்தான். ஆனால் சில புத்தகங்கள் எனக்கு மெதுவாகத்தான் ஜீரணமாகின்றன. அதிலும் இந்தப் புத்தகத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது இரண்டாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது.

இரண்டாவது தடவை அதைப் படித்த இடம் தரமணி. அங்கே பாலிடெக்னிக் வளாகத்தில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒரு நாவல் வேலையாக நூறு வருஷத்துப் பழைய பத்திரிகைகளைப் பார்ப்பதற்கு அங்கே போய்க்கொண்டிருந்தேன். கோட்டையூர் முத்தையா என்ற ஒரு தனி மனிதர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ஓவியர், தம் கைக்காசைப் போட்டுச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும்தான் அந்த நூலகத்துக்கு அடிப்படை. 1992-ல் அவர் காலமானார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையிலேயே எல்லோருக்கும் பயன்படும்படி வைத்தது. சொந்தப் பணத்தைப் பொதுக் காரியத்தில் தொலைத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பொதுப் பணத்தைச் சொந்தக் காரியத்தில் செலவழிப்பதைப் பற்றி யோசிக்கிற மாதிரி எனக்கு ஒரு சங்கோசம்.

பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் நிதிப் பட்டியல்கள் அடிக்கடி கண்ணில் படும். ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியில் எண்கள், பக்கத்தில் பெயர்கள். கதைகளை விட்டுவிட்டு இந்தப் பட்டியல்களைப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது. எட்டணா கொடுத்தவர் தம் பெயருக்குப் பின்னால் ஊரும் உத்தியோகமும் போட்டுக்கொள்வார். பத்து ரூபாய் கொடுத்தவர் ‘ஓர் அன்பர்’ என்று ஒளிந்துகொள்வார். ஆனால், வந்த தொகைக்குப் பட்டியல் இருக்கிற அளவுக்குப் போன தொகைக்கு இருப்பதில்லை. வாங்குகிறபோது இருக்கிற சுறுசுறுப்பு செலவைச் சொல்லுகிறபோது இல்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். விஷயம் இதுதான். 1908-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை, நாற்பது வருஷம் என்று தீர்ப்பாயிற்று. அப்பீலில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். சுதேசிக் கப்பல் கம்பெனி போய்விட்டது. வக்கீல் சன்னதும் போய்விட்டது. சென்னையில் குடியேறிச் சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார். ஒன்றும் கூடி வரவில்லை. அந்த நாளில் குடும்பத்துக்குத் துணையாக நின்றவர்களில் முக்கியமானவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள். அவர்களில் வேதியப் பிள்ளை என்ற அன்பர், தாமும் நண்பர்களும் சேர்த்த ஒரு தொகையை, சிதம்பரம் பிள்ளையிடம் சேர்ப்பிக்கும்படி அங்கேயே காந்திஜியிடம் கொடுத்திருந்தார்.

1915 ஏப்ரலில் காந்திஜி சென்னைக்கு வந்து, தம்புச் செட்டித் தெருவில் ஜி. ஏ. நடேசன் வீட்டில் தங்கினார். சிதம்பரம் பிள்ளையும் சென்னையில் இருந்தார். இருவருக்கும் இடையே கடிதங்கள் போய் வந்தன. அந்தப் பணம் கிடைத்ததா என்று விசாரித்தவர் காந்திஜியேதான். கிடைக்கவில்லை என்று பதில் போயிற்று. காந்திஜிக்கோ கொடுத்தவர்கள் யார் யார், தொகை எவ்வளவு என்பது நினைவில் இல்லை. நேட்டாலுக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். கடிதம் கப்பலில் போய்க் கப்பலில் வர வேண்டிய காலம். மாதங்கள் ஓடின. 1916 ஆரம்பத்தில்தான், 347 ரூபாய் 12 அணா, பிள்ளையவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவுதான் சம்பவம். ஆனால் இந்தச் சம்பவத்தின் மேல் நூறு வருஷமாகப் புற்று வளர்ந்திருக்கிறது. தொகை வாய்க்கு வாய் பெருகியது. காந்தி பணத்தை விழுங்கிவிட்டார் என்று மேடையிலே சொன்னவர்கள் உண்டு. வேங்கடாசலபதி செய்திருக்கிற முதல் காரியம் புற்றை இடித்தது. கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, யார் என்றைக்கு என்ன சொன்னார் என்று காட்டிவிட்டார். பணம் போய்ச் சேர்ந்தது என்பதில் இனிமேல் சந்தேகத்துக்கு இடமில்லை. தலைப்பில் அந்தப் பன்னிரண்டு அணாவையும் விடாமல் போட்டாரே, அது பெரிய விஷயம். வதந்திக்கு முழு எண்கள்தான் பிடிக்கும். உண்மைக்குத்தான் சில்லறை உண்டு.

ஆனால் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு இது காந்திஜியின் விடுதலைத் தீர்ப்பு. பணம் வந்துவிட்டது, வழக்கு முடிந்தது. இன்னொரு கட்சிக்கு இது பிள்ளையவர்களின் துயர காவியம். எனக்கு இரண்டு பேரிடமும் மனஸ்தாபம். இரண்டு பேரும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். கதை நடுவில் அல்லவா இருக்கிறது!

நடுவில் ஓர் இடம் உண்டு. அதை நான் மூன்று நாள் தாண்ட முடியாமல் நின்றேன். தொகை சரியாகத் தெரியவில்லை, நேட்டாலுக்கு எழுதுகிறேன் என்று காந்திஜி சொல்லுகிறார். அதற்குப் பிள்ளையவர்கள் என்ன எழுதுகிறார்? உத்தேசமாகத் தெரிந்திருந்தால் அதையோ, அதில் ஒரு பகுதியையோ இப்போது கொடுங்கள். மீதியைப் பதில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற தோரணையில் எழுதுகிறார். மரியாதை குறையவில்லை. குரல் உயரவில்லை. பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் விட்ட மனிதர் தமக்குரிய பணத்தில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கேட்கிறார். தென்னாப்பிரிக்க நண்பர்கள் தயவில்தான் நாங்கள் இத்தனை நாள் காலம் தள்ளுகிறோம், ஆகவே அந்தப் பணத்தை வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது என்றும் விளக்குகிறார். தம்முடைய பணத்தைத் தாம் ஏன் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு அவர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கடிதத்தில் சிறையைவிடக் கொடுமையாகப் பட்டது அந்த வாக்கியந்தான்.

சரித்திரக்காரர் சாட்சி இருக்கிற இடத்தோடு நின்றுவிட வேண்டியவர். ஆகையால் ஏப்ரலுக்கும் ஜனவரிக்கும் நடுவில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். அந்த வேலை எங்களைப் போன்றவர்களுடையது, நாங்கள்தான் செய்யவில்லை.

இப்போது காந்திஜியின் பக்கம் வருவோம். பொதுப் பணத்தில் இவ்வளவு கண்டிப்பான ஒரு மனிதர் நம் தேசத்தில் இன்னொருவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். 1894-ல் நேட்டால் இந்தியர்கள் அவரை அங்கேயே தங்கச் சொன்னபோது, பொது வேலைக்குச் சம்பளம் வாங்கமாட்டேன் என்றார். கௌரவமாகக் குடித்தனம் நடத்த வருஷத்துக்கு முந்நூறு பவுன் வேண்டும் என்று கணக்குப் போட்டார். சுமார் இருபது வியாபாரிகள் தங்கள் வக்கீல் வேலைகளை ஒரு வருஷத்துக்கு அவரிடம் ஒப்படைத்து முன்பணம் கட்டினார்கள். நாவலாசிரியன் புத்தி கோணல் புத்தி. எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். பொது வேலைக்குப் பணம் கொடுத்திருக்கக்கூடியவர்களும் அதே வியாபாரிகள்தாமே? ஒரு பைக்குள்ளிருந்து வர இருந்த பணம் இன்னொரு பைக்குள்ளிருந்து வந்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசித்தால் வித்தியாசம் புரிகிறது. வக்கீல் வேலை சரியில்லை என்றால் அந்த வியாபாரி முன்பணத்தை அடுத்த வருஷம் நிறுத்திவிடலாம். தேச சேவைக்குக் கொடுத்திருந்தால் நிறுத்தியிருக்க முடியாது. பணம் கொடுத்தவனுக்குக் கேள்வி கேட்கிற உரிமையை மிச்சம் வைப்பது பெரிய நேர்மை.

1901-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது வந்த பரிசுகளை, கஸ்தூரிபாவுக்கு என்று கொடுத்த தங்க அட்டிகை உட்பட, டிரஸ்டு வைத்து ஒப்படைத்தார். அம்மையார் அழுது வாதாடியதையும் மறைக்காமல் எழுதினார். 1929-ல் அதே அம்மையார், யாரோ கொடுத்த நாலு ரூபாயை ஆசிரமத்துக் கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்ததற்காகப் பத்திரிகையிலேயே எழுதி உலகத்துக்கு அறிவித்தார். நாலு ரூபாய்! மனைவியை இப்படிச் சந்தியில் நிறுத்தலாமா என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அது போகட்டும்.

அந்த நாலு ரூபாயையும் இந்த 347 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. ஒரு பைசாவைக்கூடத் தமக்கென்று எடுத்துக்கொள்ளாதவர் கையில்தான் அந்தப் பணம் இத்தனை நாள் தங்கிவிட்டது. காந்திஜி அதில் ஒரு கப் பால் வாங்கிக் குடித்திருப்பார் என்று நினைக்கிறவன் மூடன். தொகை தெரியாமல் கொடுக்கக் கூடாது. பட்டியல் வர வேண்டும். கொடுத்தவர்கள் சொன்னபடி செய்ய வேண்டும். எல்லாம் தர்மம்தான். ஆனால் காத்திருக்கிற வீட்டிலிருந்து பார்த்தால், பணத்தைத் தின்றுவிட்டவன் சொல்லுகிற சமாதானமும் பணத்தைத் தொடாத மகாத்மா சொல்லுகிற சமாதானமும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். ‘கணக்குப் பார்க்க வேண்டும்.’ இரண்டு பேரும் சொல்லுவது அதே வார்த்தை. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். எந்த வகையைச் சேர்ந்தவனாக இருந்து சொன்னேன் என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

நம் கதைகளில் நிதியைத் தின்கிறவன் எப்படி வருகிறான் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொந்தி இருக்கும். கையில் மோதிரம் இருக்கும். அநாதை ஆசிரமத்துத் தர்மகர்த்தா, வெள்ள நிவாரணக் கமிட்டித் தலைவர், கடைசி ரீலில் கைவிலங்கு. சினிமாவைச் சொல்லுகிறேன், ஆனால் எழுத்தாளர்களாகிய நாங்களும் இந்த ஆளைத்தான் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறோம். அவன் எழுதச் சுலபம். வாசகருக்கும் சௌகரியம், அவனைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். நல்லவன் ஒருவன், நல்ல காரியத்துக்கு அலைந்து திரிந்து, ஆட்டோவுக்கு எழுபது ரூபாய் நிதியிலிருந்து கொடுத்து, பிறகு டீக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து, பிறகு ஒரு நாள் ராத்திரி நேரமாகிவிட்டதே என்று பரோட்டாவுக்கும் அதிலிருந்தே கொடுத்துவிட்டு வருகிறானே, அவனைப் பற்றி ஏன் ஒரு நல்ல நாவல் நம்மிடம் இல்லை? ஆட்டோ நியாயம். டீ போகட்டும். பரோட்டாவில் என்ன நடந்தது? அந்த மூன்றுக்கும் நடுவில் எந்த இடத்தில் கோடு என்று எழுதிக் காட்டுகிறவன்தான் நாவலாசிரியன்.

சட்டம் அந்தக் கோட்டை ஒரு மாதிரி போட்டிருக்கிறது. 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 32-வது பிரிவு, காரியத்துக்காக நியாயமாகச் செய்த செலவை டிரஸ்டி சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 50-வது பிரிவு, பத்திரத்தில் சொல்லியிருந்தாலொழிய, தன் உழைப்புக்கும் சாமர்த்தியத்துக்கும் இழந்த நேரத்துக்கும் அவன் கூலி கேட்க முடியாது என்கிறது. சட்டம் தனியார் டிரஸ்டுகளுக்காக எழுதியது. தர்ம காரியங்களுக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் அதில் இருக்கிற புத்தி எல்லோருக்கும் பொருந்தும். முக்கியமான வார்த்தை ‘பத்திரத்தில் சொல்லியிருந்தாலொழிய’ என்பதுதான்.

கூலியே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பணக்காரர்கள் மட்டும் சேவை செய்யலாம் என்று சொல்லுவதற்குச் சமம். 1905-ல் பூனாவில் கோகலே இந்திய ஊழியர் சங்கத்தை ஆரம்பித்தபோது, உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் சங்கமே ஒரு சொற்பத் தொகை கொடுக்கும் என்று வெளிப்படையாக வைத்தார். 1907-ல் திருவல்லிக்கேணி ஹைஸ்கூல் தலைமையாசிரியர் வேலையை விட்டுவிட்டு ஸ்ரீநிவாச சாஸ்திரி அதில் போய்ச் சேர்ந்தார். சங்கத்துப் பணத்தில் சாஸ்திரியார் வீட்டில் சோறு பொங்கியது. அது யாருக்கும் ரகசியமில்லை. ஆகையால் யாரும் அதைப் பற்றி வம்பு பேச வழியில்லை. தரமணியிலேயே டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. குடும்ப வருமானத்துக்குத் தக்கபடி வருஷத்துக்கு ஒரு தொகை கட்டி வைத்தியம் பார்த்துக்கொள்கிற திட்டம் அவருடைய யோசனை. யார் எவ்வளவு கொடுக்கிறார், எதற்குக் கொடுக்கிறார் என்பது முதலிலேயே பேசி முடிந்த விஷயம். இப்போது கைப்பேசியில் நிதி திரட்டுகிற கம்பெனிகள் வந்திருக்கின்றன. வைத்தியத்துக்கு என்று நாம் ஆயிரம் ரூபாய் போட்டால், தங்கள் செலவுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்கிறவை அவற்றில் உண்டு. கேட்பது எனக்குத் தப்பாகப் படவில்லை. கொடுக்கிறவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது நான்.

2019-ல் எங்கள் ப்ரூஃப் ரீடர் ஒருவர் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். பெயர் வேண்டாம். முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் எழுத்தில் பிழை பார்த்தவர். என் முதல் நாவலில் நூற்றுக்கு மேற்பட்ட ஒற்றுகளைத் திருத்தி எனக்கு மானம் காத்தவர். தரமணியில் கானகம் பக்கத்தில் ஒற்றை அறை வீட்டில் மனைவியோடு இருந்தார். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிஸிஸ். எழுத்தாளர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் விட்டோம். என் பாங்க் கணக்கு எண்ணைக் கொடுத்தோம். ஏனென்றால் மற்றவர்கள் எல்லோரும் கணக்கு என்றால் பயப்படுகிறவர்கள். நான் பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றவன். டெபிட் கிரெடிட் தெரியும் என்று ஒரு பெயர். இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் ரூபாய் சேர்ந்தது. ஐம்பது ரூபாய் அனுப்பினவர்கள் உண்டு.

ஆட்டோ, ஜெராக்ஸ், மருந்துக் கடைக்கு அலைச்சல் எல்லாம் நிதியிலிருந்தே கொடுத்தேன். டீயும் அதில்தான். நான் சொன்ன பரோட்டாவும் அதில்தான். அடையாறில், ராத்திரி பத்தே முக்காலுக்கு, நானும் இன்னொரு கவிஞரும். இதையெல்லாம் ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். ஜூன் மாதம் என் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டக் கடைசி நாள். பதிப்பாளரிடமிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. என் கணக்கில் இருந்தது நிதிப் பணந்தான். பன்னிரண்டாயிரம் எடுத்துக் கட்டினேன். பதினோராவது நாள் ராயல்டி வந்தது; திரும்பப் போட்டுவிட்டேன். ஒரு பைசா குறையவில்லை.

அந்தப் பதினோரு நாளுக்குள் ஒரு நாள் தரமணிக்குப் போயிருந்தேன். அம்மா காப்பி கொடுத்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு போகிறபோது வாசலருகில் நின்று, “சார், அந்தப் பணத்துல ஏதாச்சும் பாக்கி இருக்குங்களா? மொத்தமா வேணாம், ஒரு அஞ்சு பத்து இருந்தாக்கூடப் போதும். ஊசி மருந்து வெளியில வாங்கிட்டு வரச் சொல்றாங்க” என்றார்.

கணக்கில் பணம் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் பன்னிரண்டாயிரம் குறைகிறதே என்ற நினைவு நெஞ்சில் முள்ளாக இருந்தபடியால், எந்தத் தொகையைச் சொன்னாலும் பொய் சொல்லுகிறோம் என்று தோன்றிவிட்டது. “கணக்குப் பார்க்கணும்மா. அடுத்த வாரம் மொத்தமா கொடுத்துடறேன்” என்றேன். அவர் “சரிங்க சார், உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார். மருந்தை யாரிடமோ கைமாற்று வாங்கி வாங்கினார் என்று பிறகு தெரிந்தது.

பிள்ளையவர்களின் அந்தக் கடிதத்தை நான் ஏன் தாண்ட முடியவில்லை என்பது இப்போது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பகுதியாவது இப்போது கொடுங்கள் என்று கேட்ட குரலை நான் ஏற்கெனவே ஒரு வாசற்படியில் கேட்டிருந்தேன். காந்திஜிக்கும் எனக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அவர் நேட்டாலுக்காகக் காத்திருந்தார். நான் ராயல்டிக்காகக் காத்திருந்தேன். ஆனால் அந்த அம்மாளுக்கு இது எப்படித் தெரியும்? அவருக்குக் கிடைத்தது ‘அடுத்த வாரம்’. அவ்வளவுதான். கை சுத்தமாக இருக்கிறவர்களும் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு இப்போது படுகிறது. அவர்களுடைய தாமதத்துக்குள்ளேதான் என் போன்றவர்கள் ஒளிந்துகொள்கிறோம்.

சிதம்பரம் பிள்ளையவர்கள் தம் கடைசிக் காலத்தில் எழுதிவைத்த உயிலில், கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன்களைக்கூட விடாமல் குறித்திருக்கிறார். 1936 நவம்பரில் காலமானார். பிறர் கொடுத்துச் சாப்பிட்டவர் என்று அவரைக் குறைவாகப் பேசுகிறவர்கள் அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். அவர் வீட்டுச் செலவுக்கு என்றே கொடுக்கப்பட்ட பணத்தை அவர் வீட்டுச் செலவுக்கு எடுத்தார். கொடுத்தவருடைய பெயரை மறக்கக் கூடாது என்று ஒரு பெண் குழந்தைக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தார். நிதியில் வீட்டுச் செலவு செய்வது குற்றம் என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகஸ்டில் கணக்கு எழுதி ஒரு தாளில் அச்சடித்துக்கொண்டு போனேன். டயாலிஸிஸ் இவ்வளவு, மருந்து இவ்வளவு, ஸ்கேன் இவ்வளவு. கடைசி வரிக்கு முந்தின வரியில் ‘இதர செலவு – 3,460’. ஐயா கட்டிலில் சாய்ந்தபடி தாளை வாங்கினார். கண்ணாடி கேட்டார். தலையணைக்கு அடியிலிருந்து பென்சில் எடுத்தார். அச்சடித்த தாள் எதுவானாலும் பென்சில் இல்லாமல் படிக்க அவருக்குத் தெரியாது. மேலிருந்து கீழே வரிவரியாக நகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்த வரியில் நகம் நின்றது. எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

“தம்பி, இங்கே ‘ச்’ விட்டுப்போச்சு. ‘இதரச் செலவு’” என்றார். ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, ‘ச்’ என்று எழுதி, தாளைத் திருப்பிக் கொடுத்தார். தொகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தும் கேட்கவில்லையா, ஒற்றைத் தவிர வேறொன்றும் அவர் கண்ணில் படவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் அவர் லாயக்கான மனிதர்.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியைப் பிரித்து ஒன்பது வரியாக எழுதினேன். பரோட்டாவுக்கும் டீக்கும் ஆனதை என் பையிலிருந்து போட்டேன். பன்னிரண்டாயிரம் எடுத்ததையும் போட்டதையும் தேதியோடு எழுதினேன். எழுதியதை மற்ற நாலு பேருக்கும் அனுப்பினேன். இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர், இதையெல்லாம் ஏன் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பரோட்டா தின்ற கவிஞர் மட்டும் தம் பங்கு 140 ரூபாயை அனுப்பிவைத்தார்.

ஐயா அக்டோபரில் காலமானார். மீதி முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தைப் பதினாறாம் நாள் கழித்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். பிறகு அதிலிருந்தே ஒரு நூறு ரூபாயை உருவி என்னிடம் நீட்டினார்.

“வெயில்ல வந்திருக்கீங்க. ஆட்டோவுக்கு வச்சுக்குங்க சார்.”

வேண்டாம் என்றேன். “அவர் இருந்தா கொடுத்திருப்பார்” என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.